பிரசவக் கடன்

புறநானூற்றின் 312ஆம் பாடலை நான் நடத்தாத ஆண்டு இல்லை. பொன்முடியார் பாடிய சிறிய பாட்டு அது. மகனைப் பெற்று வளர்த்துத் தருவது தாய்க்கு, அவனைச் சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நல்ல நடையைத் தருவது வேந்தனுக்கு, போரில் யானையை வீழ்த்தி மீள்வது மகனுக்கு என்று ஐந்து பேருக்கு ஐந்து பொறுப்புகளைப் பகிர்ந்து வைக்கிறது. ஐந்தையும் 'கடன்' என்ற ஒரே சொல்லால் சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இதை நடத்திக்கொண்டிருந்தபோது இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "கடன்னா லோனா மேடம்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, இங்கே கடன் என்றால் கடமை, முறைமை என்று விளக்கிக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வகுப்பு முடிந்ததும் அவள் என் மேசைக்கு வந்தாள். "கிண்டல் பண்ணல மேடம். எங்கக்காவுக்குப் போன மாசம் ஆபரேஷன் பண்ணித்தான் புள்ளைய எடுத்தாங்க. அப்பா நகைக் கடன் வாங்கியிருக்காரு, அம்மா குழுக் கடன் வாங்கியிருக்கு. வீட்ல எந்நேரமும் இந்தப் பேச்சுத்தான். அதான் கேட்டேன்."

உரையாசிரியர்கள் சொல்லாத ஒன்றை அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். பெற்றுத் தருவது தாயின் கடன் என்ற வாக்கியத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கடமை என்றே வாசித்து வருகிறோம். வடமதுரையில் ஒரு வீட்டில் அது அதன் இன்றைய பொருளிலேயே, வட்டியோடு, நடந்துகொண்டிருந்தது.

அன்று இரவு பீரோவிலிருந்து என்னுடைய பழைய பில்லை எடுத்தேன். 2009இல் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குச் சிசேரியன் நடந்தது. அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பாதி எழுதி முடித்திருந்தேன். சங்கப் பாடல்களில் தாய்மை பற்றி ஐம்பது பக்கம் எழுதியிருந்த எனக்கு, அந்த நான்கு தாள்களை ஒருமுறைகூட முழுதாக வாசிக்கத் தோன்றவில்லை. அப்பா பணத்தைக் கட்டினார், அம்மா ஃபைலை வாங்கிப் பையில் வைத்தார், அவ்வளவுதான். இப்போது அதை ஒரு பனுவலாக வாசித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பெயர். தாள்கள் இரண்டு கட்டாக இருந்தன. ஒன்று என் பெயரில். இன்னொன்று 'பேபி ஆஃப்' என்று தொடங்கி என் பெயரோடு. குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று இரண்டு நாள் விளக்கொளியில் வைத்ததற்கான பில் அது. என் மகளுடைய பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் தலைப்பெழுத்து அப்பாவுடையது. அவள் என் பெயரால் மட்டுமே அறியப்பட்ட ஒரே ஆவணம் அந்த பில். அறுவைக்கு ஒப்புதல் தரும் படிவத்திலோ முதலில் என் கணவரிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள். பதினெட்டு வயது நிறைந்து, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் உடலில் அறுவை செய்ய அவளுடைய ஒப்புதலே போதும் என்பது அன்று அந்த அறையில் இருந்த யாருக்கும் நினைவில்லை, எனக்கும்கூட.

அடுத்து, தொகை. அனுமதி போட்ட அன்று கவுண்டரில் அப்பா கேட்டார்: "எம்புட்டு ஆகும்மா?" "முப்பத்தஞ்சுக்குள்ள முடிஞ்சிரும் சார்." முடிந்தபோது ஐம்பத்திரண்டாயிரம். ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்பா நெடுநாள் புலம்பிக்கொண்டிருந்தார். வரிவரியாக வாசித்த பிறகு எனக்குத் தோன்றியது வேறு. அந்த முப்பத்தைந்து பொய்யில்லை. எதெல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரே அறுவைக்கு ஏன் ஊருக்கொரு விலை, ஆஸ்பத்திரிக்கொரு விலை என்ற கேள்விக்கு விடை அந்த வெளியே கிடக்கும் வரிகளில்தான் இருக்கிறது. 'பேக்கேஜ்' என்று வாயால் சொல்லப்படும் தொகையில் பெரும்பாலும் அறுவை செய்யும் மருத்துவரின் கட்டணம், தியேட்டர் வாடகை, மூன்று நான்கு நாள் அறை வாடகை ஆகியவை இருக்கும். மயக்க மருந்து நிபுணரின் கட்டணம் சில இடங்களில் உள்ளே, சில இடங்களில் வெளியே. எங்களைப் போன்ற ஊர்களின் சிறிய நர்சிங் ஹோம்களில் அவர் நிரந்தரமாக இருப்பவர் அல்லர். அழைத்தால் வருவார், ஒவ்வொரு கேஸுக்கும் தனிக் கட்டணம், நடு இரவென்றால் கூடுதல். பிறந்த குழந்தையைப் பார்க்க வரும் குழந்தை மருத்துவருக்கும் அப்படியே. மருந்து, தையல் நூல், கையுறை, ஊசி எல்லாம் உள்ளேயே இருக்கும் மருந்துக் கடையிலிருந்து அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு வரும். மருத்துவமனை அதைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கும். இடையில் நிற்கும் தொகை எந்த வரியிலும் எழுதப்படாது. இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அது தனி. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் நாள் கணக்கு ஓடத் தொடங்கும். தாயின் பில்லைவிடக் குழந்தையின் பில் பெரிதாகிவிடுவது அப்படித்தான்.

இவற்றையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது அறை. பொது வார்டு, தனி அறை, ஏ.சி. அறை, டீலக்ஸ் என்று அறை உயர வாடகை உயர்வது புரிகிறது. பல மருத்துவமனைகளில் அறை உயரும்போது மருத்துவர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் சேர்ந்து உயர்கின்றன. அதே மேசை, அதே கத்தி, அதே கை, அதே முக்கால் மணி நேரம். அறுத்துத் தைத்த பிறகு எந்த அறையில் படுக்கப் போகிறாள் என்பதை வைத்து அறுத்ததற்கான விலை தீர்மானமாகிறது. விலை என்பது செலவுக்கு மட்டுமே கட்டுப்பட்டதன்று, கொடுக்கக்கூடியவரின் கைக்கும் கட்டுப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இவற்றோடு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. முன்பே நாள் குறித்துச் செய்யும் அறுவையும், நஞ்சுக்கொடி கீழிறங்கி இரத்தப்போக்கோடு நள்ளிரவில் வந்து செய்யும் அறுவையும் ஒன்றல்ல. முந்தைய சிசேரியன் தழும்பு உள்ள வயிறும் முதல் வயிறும் ஒன்றல்ல. சென்னையில் இடத்துக்கும் கருவிகளுக்கும் ஆகும் முதலீடு வேடசந்தூரில் ஆகாது. மாவட்டத் தலைநகரத்தின் நர்சிங் ஹோமில் ஐம்பது அறுபதாயிரத்தில் முடிவது பெருநகரத்தின் கார்ப்பரேட் மருத்துவமனையில் ஒன்றரை, இரண்டு இலட்சத்தைத் தாண்டுவதில் இதற்கும் பங்கு உண்டு. காப்பீடு இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் பாலிசியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தனியாக வாங்கும் பாலிசிகளில் மகப்பேறு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். சேர்ந்திருந்தாலும் ஒன்பது மாதம் முதல் சில ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலமும், இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற தனி உச்சவரம்பும் இருக்கும்.

இந்த வரிகள் எதிலும் எழுதப்படாத ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் நேரம். தலைப்பிரசவ வலி பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ நீளலாம். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரமெல்லாம் வயிற்றைத் தொட்டுப் பார்க்க, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க, பக்கத்தில் ஆள் வேண்டும். சிசேரியனோ ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, நாள் குறிக்க முடிகிறது, இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ பில் போட முடிகிறது. ஒரே மருத்துவர், இரண்டு செவிலியர் என்று ஓடும் சிறிய மருத்துவமனையில் காத்திருப்பதற்குக் கூலி கிடையாது, அறுப்பதற்கு உண்டு. இதைப் பேராசை என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட நான் தயங்குகிறேன். ஏதாவது ஆகிவிட்டால் உறவினர்கள் கண்ணாடியை உடைப்பார்கள், வழக்குப் போடுவார்கள் என்ற பயம் மருத்துவர்களுக்கு இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கிடைக்கும் மயக்க மருந்து நிபுணர் மூன்று மணிக்குக் கிடைப்பாரா என்ற கணக்கும் இருக்கிறது. ஆனால் எல்லாக் கணக்குகளும் ஒரே திசையில் சாய்ந்தால், அந்தச் சாய்வின் அடியில் இருப்பது யாருடைய வயிறு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எண்களைப் பார்ப்போம். 2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சிசேரியன் 34.1 விழுக்காடு. 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 44.9. அதே ஆய்வில் இந்திய சராசரி 21.5. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியாவிலேயே சிசேரியன் மிகுந்த மாநிலம் தெலங்கானா, 60.7. உலக சுகாதார நிறுவனம் 1985இல் பத்து முதல் பதினைந்து விழுக்காடு போதும் என்றது. 2015இல் அந்த நிறுவனமே, மக்கள்தொகை அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போவதால் தாய், சேய் இறப்பு குறைவதில்லை என்றும், ஆனால் ஓர் எண்ணைத் துரத்துவதைவிடத் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கிடைப்பதே முக்கியம் என்றும் சொன்னது.

அந்தக் கடைசிப் பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டும். சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை. என் அப்பத்தாவின் தங்கை பிள்ளை குறுக்கே நின்று, ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வண்டி கட்டுவதற்குள் போய்விட்டார். அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. தாய் இறப்பு விகிதம் இந்திய சராசரியைவிட மிகக் குறைவு. இது பெண்கள் வாங்கிய பலன். நூறில் அறுபத்து மூன்று பேருக்கு மேல் உண்மையிலேயே அறுவை தேவைப்பட்டதா என்பது அந்தப் பலனை மறுக்காமலே கேட்கக்கூடிய கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் வரும் பதில் ஒன்று உண்டு: "இப்ப உள்ள பொண்ணுங்களுக்கு வலி தாங்க முடியாது." டீக்கடையில் சொல்கிறார்கள், கல்லூரி ஆசிரியர் அறையிலும் சொல்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு, ஏழு அடுக்கு அறுத்துத் தைத்து, மறுநாள் எழுந்து நடந்து, தையல் இழுக்க இழுக்கப் பால் கொடுப்பவளைப் பார்த்து வலி தாங்காதவள் என்கிறோம். ஜோசியரிடம் நல்ல நேரம் வாங்கி வந்து இந்த ஓரைக்குள் எடுத்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் அவளல்ல, வீட்டுப் பெரியவர்கள். அதற்கும் பழி அவளுக்கே.

பழியின் வேர் நம் சொல்லிலேயே இருக்கிறது. கீழ்வழியே பிறந்தால் 'சுகப்பிரசவம்'. அப்படியானால் மற்றது? சுகமற்றது, சற்றுக் குறைபட்டது, 'ஆபரேஷன் பண்ணித்தான்' என்று ஒரு 'தான்' ஒட்டிக்கொண்டது. கிழிந்து தையல் போட்டு, மூன்று நாள் உட்கார முடியாமல் கிடந்தாலும் சுகப்பிரசவம். இந்தச் சொல் வலியை அளக்கவில்லை. வீட்டுக்கு வந்த செலவைத்தான் அளக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

சரி, அரசு மருத்துவமனை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதன் பெருமையையும் சொல்ல வேண்டும். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சிசேரியன் உட்பட எல்லாப் பிரசவமும் இலவசம். மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, வாகனம் எல்லாமும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 1980களின் இறுதியில் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 என்று வளர்ந்தது. எங்கள் மாவட்டத்துக்கு இதில் தனி வரலாறும் உண்டு. சின்னாளபட்டியில் 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம்தான் பின்னர் காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. கிராமத்துப் பெண்ணின் பிரசவத்தைத் தொண்டாகப் பார்த்த ஒரு மரபு இங்கேயே, பேருந்து தூரத்தில் இருந்தது.

ஆனால் இலவசம் என்ற சொல்லையும் வாசிக்க வேண்டும். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி, அரசு மருத்துவமனையில் ஒரு பிரசவத்துக்கு இந்தியக் குடும்பம் கையிலிருந்து செலவழித்தது சராசரியாகச் சுமார் 2,900 ரூபாய். வண்டி, சாப்பாடு, துணைக்கு இருப்பவரின் போன கூலி, கையில் வைக்கிற காசு. ஆண் பிள்ளை என்றால் ஒரு தொகை, பெண் பிள்ளை என்றால் அதைவிடக் குறைந்த தொகை என்று பிரசவ வார்டு வாசலில் கேட்கப்பட்ட செய்திகளை நாம் பலமுறை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். பிறந்த நிமிடத்திலேயே பெண்ணுக்கு விலை குறைவு. நிதியுதவிக்கும் நிபந்தனைகள்: வயது பத்தொன்பது நிறைந்திருக்க வேண்டும், இரண்டு பிரசவம்வரைதான். பதினெட்டில் கட்டிக்கொடுக்கப்பட்டவளும், ஆண் பிள்ளைக்காக மூன்றாவது சுமக்க வைக்கப்பட்டவளும் அந்த முடிவுகளைத் தாங்களே எடுத்தவர்கள் போல வெளியே நிறுத்தப்படுகிறார்கள்.

அப்படியிருந்தும் இலவசத்தை விட்டுவிட்டு ஏன் கடன் வாங்கித் தனியாருக்குப் போகிறார்கள்? என் மாணவியிடம் கேட்டேன். "பெரியாஸ்பத்திரில திட்டுவாங்களாம் மேடம். அக்கா பயந்துருச்சு." வலியில் கத்தும் பெண்ணைப் பார்த்துப் பிரசவ அறையில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும், அச்சில் எழுத முடியாது. இங்கிருந்து வேடசந்தூர், அங்கிருந்து திண்டுக்கல், அங்கிருந்து மதுரை என்று கை மாற்றி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆக, அந்தக் குடும்பம் ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கியதில் அறுவை ஒரு பகுதிதான். மீதியைக் கொடுத்து வாங்கியது ஒரு கதவு, ஒரு கட்டில், திட்டாத ஒரு வாய். அரசு தன் பிரசவ அறையில் மரியாதையைச் செலவில்லாமல் கொடுத்திருந்தால் அந்தக் கடனில் பாதி இல்லை.

கடனை யார் அடைக்கிறார்கள் என்பது கடைசிக் கேள்வி. தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்பது இங்கே எழுதாத சட்டம். வளைகாப்பு, ஆஸ்பத்திரி, பேர் வைப்பு, பிள்ளைக்கு அரைஞாண் என்று சீர்வரிசையின் தொடர்ச்சியாகவே பிரசவம் வருகிறது. வரதட்சணைக்குச் சட்டம் இருக்கிறது, இதற்குப் பெயர்கூட இல்லை. எங்கள் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய நகை முதலில் அடகுக்குப் போகிறது. பிறகு குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ். அந்தக் கடன்கள் பெண்களின் பெயரில்தான் கிடைக்கும். ஆக, வாரத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டவர் பிள்ளை பெற்றவளின் அம்மா. பெற்றுத் தருவது தாயின் கடன் என்ற பாட்டு இரண்டு தலைமுறைத் தாய்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கொல்லன் தன் உலைக்குத் தானே செலவழித்தான். வேந்தனுக்குக் கருவூலம் இருந்தது. தந்தையின் பங்கு என்ன, வேந்தனின் பங்கு என்ன என்று நம் காலத்திலாவது கேட்கலாம். மகப்பேறு நலச் சட்டத்தில் முதலாளி தர வேண்டிய மருத்துவ ஊக்கத்தொகை 2011இல் 3,500 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இன்று அது எத்தனை வரிக்குக் காணும் என்று மேலே சொன்ன பில்லை வைத்துப் பாருங்கள்.

எழுதுகிறவர்களாகிய நம்மையும் விட்டுவிடக் கூடாது. 2000க்குப் பிறகு வந்த பெண் கவிதை உடலைத் துணிந்து பேசியது. முலை, யோனி, கருப்பை என்ற சொற்களுக்காக வசை வாங்கியது. அந்த வரிசையில் நானும் நின்றேன். ஆனால் அந்தக் கருப்பையைத் திறக்க எவ்வளவு கேட்டார்கள், யார் கட்டினார்கள் என்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. தழும்பைக் கவிதையாக்கினேன், பில்லைப் பீரோவில் வைத்தேன். பணம் கவிதைக்கு ஆகாத பொருள் என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது?

2017இல் மும்பையைச் சேர்ந்த சுபர்ணா கோஷ், மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் விகிதத்தை வெளியில் எழுதி வைக்க வேண்டும் என்று கோரிக்கை வைத்தார். இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். எளிய கோரிக்கை. சிக்கலான கேஸ்களை வாங்கும் பெரிய மருத்துவமனைக்கு விகிதம் கூடத்தானே செய்யும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கும் வழி உண்டு. கருவுற்ற பெண்களைப் பத்து வகையாகப் பிரித்து ஒப்பிடும் ராப்சன் முறை 2001 முதல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைக்கிறது. சிக்கலில்லாத முதல் பிரசவத்தில் எத்தனை பேருக்கு அறுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாலே பல சுவர்கள் பேசும். விகிதத்தோடு விலையையும் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

அதுவரைக்கும் நம் மாணவிகளுக்கு ஒரு சிறு பாடம். ஏழாம் மாதத்திலேயே, வலி வருவதற்கு முன், கேளுங்கள். நீங்களே கேளுங்கள், அப்பாவோ வீட்டுக்காரரோ அல்ல. சொல்லும் தொகையில் மயக்க மருந்து மருத்துவர், குழந்தை மருத்துவர் கட்டணம் உண்டா? மருந்தும் தையல் பொருளும் உண்டா? எத்தனை நாள் அறை? அறை மாறினால் மருத்துவர் கட்டணம் மாறுமா? குழந்தையைத் தனியாக வைக்க வேண்டி வந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? வலி எடுத்துப் பார்த்துவிட்டு அறுவைக்குப் போனால் இரண்டுக்கும் சேர்த்து பில் வருமா? எதற்காக அறுவை என்று எழுதித் தருவீர்களா? பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவி இப்போது எங்கள் கல்லூரியிலேயே முதுகலை படிக்கிறாள். அக்கா பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டதாம். நகை இன்னும் திரும்பவில்லை, குழுக் கடனில் ஒன்பது தவணை பாக்கி. இந்த ஆண்டும் 312ஆம் பாடலை நடத்தினேன். கரும்பலகையில் கடன் என்று எழுதி, அதன் கீழே இரண்டு பொருளையும் எழுதிப் போட்டேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.